உதவி ஆவணத்தில் தேடினால் கொட்டுகிறது, இல்லையேல் ஒன்றுமே வருவதில்லை: எப்படித் தேடுவது?

நிரல்நேசி (கேள்வி)

பல மென்பொருள்களின் உதவி ஆவணங்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது. சில இணையதளங்கள், சில பிடிஎஃப் கையேடுகள், சில டெர்மினலிலேயே வருபவை. தேடல் பெட்டியில் எதைப் போட்டாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது: நூற்றுக்கணக்கில் வந்து கொட்டும், அல்லது "முடிவுகள் இல்லை" என்று கைவிரிக்கும். இப்போதைக்கு மூன்று இடத்தில் நிற்கிறது.

1. ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு செல்லைத் தொட்டதும் பட்டியல் விரிய வேண்டும், அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "லிஸ்ட்" என்று தேடினால் பாதிக் கையேடும் வந்துவிடுகிறது.

2. பிழைச்செய்தியை அப்படியே காப்பி செய்து போட்டால் எதுவுமே வருவதில்லை.

3. ஹைஃபனில் தொடங்கும் கட்டளை விருப்பங்களைத் தேடவே முடியவில்லை.

முழு வாக்கியமாகக் கேட்பதா, ஒற்றைச் சொல்லாகப் போடுவதா? மேற்கோள்குறி எல்லாப் பெட்டியிலும் வேலை செய்யுமா?

---

சுட்டிவிரல்

உங்கள் முதல் சிக்கலுக்குக் காரணம் பெட்டி இல்லை, சொல். நீங்கள் கேட்கும் வசதிக்கு எக்செல்லில் பெயர் "டேட்டா வேலிடேஷன்". லிப்ரே ஆஃபிஸ் கால்கில் அதே வசதி "வேலிடிட்டி". உள்ளே போனால் "லிஸ்ட்" என்பது அதில் ஒரு தெரிவு மட்டுமே. கையேடு எழுதியவர் அந்த வசதிக்கு வைத்த பெயரைப் போடாதவரை, பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. இது புதிய சங்கதியும் இல்லை. 1987-இல் ஃபர்னாஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருளுக்கு இரண்டு பேர் தாமாக ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் கீழேதான் இருந்தது.

அதனால் தேடுவதற்கு முன் பெயரைக் கண்டுபிடியுங்கள். அதற்கு வழிகள்:

அந்த வேலையைச் செய்யும் பட்டன் கண்ணில் பட்டால் அதன்மேல் மவுஸை நிறுத்துங்கள். மிதந்து வரும் குறிப்பில் இருப்பதுதான் அதிகாரப்பூர்வப் பெயர். அதை எழுத்துப் பிசகாமல் தேடுங்கள்.

பட்டன் எங்கே என்றே தெரியாவிட்டால் கட்டளைத் தேடலைப் பயன்படுத்துங்கள். எக்செல், வேர்டு இரண்டிலும் ஆல்ட்+க்யூ. லிப்ரே ஆஃபிஸில் 7.2 முதல் ஷிஃப்ட்+எஸ்கேப். விஷுவல் ஸ்டுடியோ கோடில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+பி (P). இவை மெனுவில் இருக்கும் கட்டளைகளைத் தேடுபவை. கையேட்டைவிடச் சின்னக் கடல் என்பதால் தப்பான சொல்லைப் போட்டாலும் சரியானது பக்கத்தில் தட்டுப்படும்.

டயலாக் பெட்டி ஏற்கெனவே திறந்திருந்தால் தேடவே வேண்டாம். எஃப்1 அழுத்துங்கள். பல மென்பொருள்களில் அந்தப் பெட்டிக்கான பக்கமே நேராகத் திறக்கும்.

இன்னும் இரண்டு உதாரணம். "மேல் வரிசை நகராமல் நிற்க" என்பது எக்செல்லில் "ஃப்ரீஸ் பேன்ஸ்". "மூன்றாம் பக்கத்திலிருந்து பக்க எண்" என்பதற்கு வேர்டில் முதலில் தேட வேண்டியது "செக்‌ஷன் பிரேக்". பக்க எண் என்று தேடினால் எண்ணைச் செருகும் பக்கம்தான் வரும். பகுதி பிரிப்பது வேறு அத்தியாயத்தில் கிடக்கும். நமக்கு வேண்டியது விளைவு. கையேடு பேசுவது கருவியைப் பற்றி. பெரும்பாலான தேடல்கள் வழுக்குவது இங்கேதான்.

பெயர் கிடைத்துவிட்டால், அடுத்தது நீங்கள் தட்டச்சு செய்யும் பெட்டி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது. எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இல்லை. அரை நிமிடச் சோதனை ஒன்று:

ஆவணத்தில் நிச்சயம் இருக்கும் ஓர் அரிய சொல்லைப் போட்டு முடிவுகளை எண்ணுங்கள். பிறகு அதோடு அர்த்தமே இல்லாத எழுத்துக்கோவை ஒன்றைச் சேருங்கள். முடிவு பூஜ்ஜியமானால் அந்தப் பெட்டி எல்லாச் சொல்லும் இருந்தால்தான் காட்டும். அங்கே சொற்களைக் கூட்டினால் முடிவு குறையும். எண்ணிக்கை மாறாமல் நின்றால் ஏதாவது ஒரு சொல் இருந்தாலே காட்டும் வகை. அங்கே சொற்களைக் கூட்டக் கூட்ட முடிவுகள் பெருகும். முழு வாக்கியம் எழுதுவது இந்த இரண்டாம் வகையில்தான் வெள்ளமாகிறது. முதல் வகையில் அதே வாக்கியம் பூஜ்ஜியத்தைத் தரும். உங்களுக்கு மாறி மாறி இரண்டும் நடப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பைத்தான் ஆவணத்தை உருவாக்கும் ஸ்ஃபிங்க்ஸ் முதல் வகை. எம்கேடாக்ஸ் என்னும் இன்னொரு ஆவணக் கருவி பயன்படுத்தும் தேடல் நிரலான லூனர் இயல்பாக இரண்டாம் வகை. லூனரில் ஒரு சொல்லின் முன் + போட்டால் அது கட்டாயம், - போட்டால் விலக்கு. எம்கேடாக்ஸில் இயல்பு அமைப்பில் மூன்று எழுத்துக்குக் குறைவான தேடலைப் பெட்டி கண்டுகொள்வதே இல்லை. இரண்டெழுத்துக் கட்டளைப் பெயரைப் போட்டுவிட்டு "ஆவணத்தில் இல்லை" என்று முடிவுகட்ட வேண்டாம்.

அல்கோலியா என்னும் தேடல் சேவையை வைத்திருக்கும் தளங்கள் எழுத்துப்பிழையை மன்னிக்கும்: இயல்பாக 4 எழுத்துச் சொல்லில் ஒரு பிழை, 8 எழுத்திலிருந்து இரண்டு பிழை. கடைசிச் சொல்லைப் பாதி அடித்தாலும் ஏற்கும். மற்றவற்றில் ஓர் எழுத்து தவறினாலும் பூஜ்ஜியம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கோள்குறி? அதையும் சோதித்தே அறிய வேண்டும். ஆவணத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு சொற்களை வரிசை மாற்றி மேற்கோளுக்குள் போடுங்கள். முடிவு அப்படியே இருந்தால் குறியை அந்தப் பெட்டி தூக்கி எறிந்துவிட்டது.

---

லாக்வாசிப்பான்

இரண்டாவது கேள்விக்கு. பிழைச்செய்தியில் இரண்டு வகைச் சொற்கள் கலந்திருக்கும்: நிரலில் நிலையாக எழுதப்பட்டவை, அந்த நேரத்தில் உள்ளே செருகப்பட்டவை. கோப்புப் பாதை, பயனர் பெயர், நேரம், வரி எண், ஐபி முகவரி, டேபிள் பெயர் எல்லாம் இரண்டாம் வகை. உங்கள் கணினியின் ஃபோல்டர் பெயர் எந்தக் கையேட்டிலும் இருக்காது. எல்லாச் சொல்லும் இருந்தால்தான் காட்டுவேன் என்னும் பெட்டியில் அந்த ஒரு பாதை போதும், முடிவு பூஜ்ஜியமாகிவிடும்.

உதாரணம்: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் "டூப்ளிகேட் கீ வேல்யூ வயலேட்ஸ் யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட்" என்று வந்து, பின்னால் மேற்கோளுக்குள் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர் உங்கள் டேட்டாபேஸில் வைத்தது. அதை வெட்டிவிட்டு முன்பகுதியை மட்டும் தேடுங்கள்.

அதைவிட நல்லது குறியெண். மேலே சொன்ன பிழைக்கு எண் 23505. செய்தி வேறு மொழியில் வந்தாலும், அடுத்த வெர்ஷனில் வாசகத்தைத் திருத்தினாலும் எண் மாறாது. அதன் டெர்மினல் நிரலான பிஎஸ்க்யூஎல்லில் வெர்பாசிட்டியை வெர்போஸ் என்று வைத்தால் செய்தியோடு எண்ணும் அச்சாகும். போஸ்ட்கிரெஸ் ஆவணத்தின் பின்னிணைப்பு ஏ முழுக்க இந்த எண்களின் பட்டியல்தான்.

விண்டோஸில் ஒரு கண்ணி உண்டு. ஒரே பிழை இரண்டு உருவத்தில் வரும். பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ் எண்ணில்) 80070005 என்று முடியும் பிழையைச் சில நிரல்கள் -2147024891 என்று காட்டும். இரண்டும் ஒன்றே. ஆவணத்தில் பெரும்பாலும் பதினாறடிமான வடிவம்தான் இருக்கும், அதனால் மைனஸ் எண்ணைப் பார்த்தால் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ் கால்குலேட்டரின் புரோகிராமர் பயன்முறையில் 32 பிட், அதாவது டீவேர்டு, தேர்ந்தெடுத்து மைனஸோடு உள்ளிட்டால் போதும். முன்பகுதி 8007 என்றிருந்தால் கடைசி நான்கு இலக்கம் சாதாரண விண்டோஸ் பிழை எண்: 0005 என்பது 5, அனுமதி மறுப்பு. கமாண்ட் பிராம்ப்டில் நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி கட்டளையோடு 5 கொடுத்தால் அந்த வாசகம் கிடைக்கும்.

லினக்ஸில் செய்தி மொழிபெயர்ப்பாகி வந்தால், கட்டளைக்கு முன்னால் எல்சி_ஆல்=சி என்று வைத்து மறுபடி ஓட்டுங்கள். மூல ஆங்கில வாசகம் வரும்; அதுதான் தேடத் தக்கது.

ஒன்றுக்கு மேல் பிழைகள் அடுக்காக வந்தால் கடைசி வரியைத் தேடிவிட்டு ஏமாற வேண்டாம். "பில்டு தோல்வி" என்ற கடைசி வரி எதற்கும் பொது. காரணம் வழக்கமாக முதல் பிழை வரியில் இருக்கும். பைத்தான் ட்ரேஸ்பேக் (பிழை வந்த வழியைக் காட்டும் பட்டியல்) மட்டும் இதற்கு நேர் எதிர்: அங்கே கடைசி வரிதான் பிழையின் பெயர்.

---

கருந்திரை

மூன்றாவதற்கு. வலைத் தேடுபொறியில் சொல்லுக்கு முன்னால் ஒட்டிய ஹைஃபன் "இந்தச் சொல் வேண்டாம்" என்று பொருள்படும். விருப்பத்தின் பெயரைத் தேடுவதாக நினைத்து அதையே விலக்கிக்கொண்டிருக்கிறீர்கள். மேற்கோளுக்குள் போடுங்கள், அல்லது ஹைஃபனை விட்டுவிட்டுச் சொல்லோடு கட்டளையின் பெயரையும் சேருங்கள். தளத்தின் சொந்தப் பெட்டிகளில் குறிகள் பெரும்பாலும் இண்டெக்ஸிலேயே ஏறியிருக்காது.

டெர்மினலில் மேன் பக்கம் (கட்டளையின் கையேடு) திறந்திருந்தால் சாய்கோடு போட்டுத் தேடலாம். ஆனால் ஒற்றை எழுத்து விருப்பத்தை வெறுமனே தேடினால் உதாரணங்களில் எல்லாம் நின்று நின்று போகும். விளக்கம் இருக்கும் வரிக்கே போக, வரித் தொடக்கத்தைக் கட்டிப்போடுங்கள்:

/^ *-

இதை ஒட்டி அந்த எழுத்தைப் போடுங்கள். கூரைக்குறிக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு, தவறவிடாதீர்கள். நீண்ட விருப்பம் என்றால் இது:

/^ *-.*

இதை ஒட்டி விருப்பச் சொல். பல பக்கங்களில் குட்டி வடிவம் முதலிலும் நீண்ட வடிவம் காற்புள்ளிக்குப் பின்னும் வரும். முதல் வடிவத்தில் இரண்டு ஹைஃபன் வைத்துத் தேடினால் அந்த வரி சிக்காது. அடுத்த பொருத்தத்துக்குச் சிறிய n, முந்தையதற்குப் பெரிய N. சாய்கோட்டுக்குப் பதில் & போட்டால் பொருந்தும் வரிகள் மட்டும் திரையில் நிற்கும்.

எந்தக் கட்டளை என்றே தெரியாதபோது அப்ரோபோஸ் என்ற கட்டளை உதவும். அது கட்டளைப் பெயரையும் ஒருவரி விளக்கத்தையும் மட்டுமே பார்க்கும். இரண்டு சொல் கொடுத்தால் ஏதாவது ஒன்று பொருந்தினாலே காட்டும். இரண்டும் வேண்டுமென்றால் -ஏ சேர்க்க வேண்டும். எதைக் கேட்டாலும் ஒன்றுமில்லை என்று சொன்னால் அதன் தரவுத்தளம் கட்டப்படவில்லை. ரூட் அனுமதியோடு மேன்டிபி ஒருமுறை ஓட்டுங்கள்.

சிடி, ரீட், எக்ஸ்போர்ட் எல்லாம் பாஷின் உள்ளமைந்த கட்டளைகள். தனி மேன் பக்கத்தைத் தேடி அலையாமல் "ஹெல்ப்" போட்டுப் பெயரைக் கொடுங்கள். ஒரே பெயரில் இரண்டு பக்கம் இருப்பதும் உண்டு: கிரான்டேப் கட்டளை பிரிவு 1, கிரான்டேப் கோப்பின் வடிவம் பிரிவு 5. நேர அட்டவணை எழுதும் முறை பிரிவு 5-இல்தான். எண் கொடுக்காவிட்டால் 1 திறக்கும். தேடியது கிடைக்காது.

பவர்ஷெல்லில் கெட்-ஹெல்ப் அரைகுறையாகப் பதில் சொன்னால் அப்டேட்-ஹெல்ப் ஓட்டவில்லை என்று அர்த்தம். 3.0 முதல் முழு உதவிக் கோப்புகள் கூடவே வருவதில்லை.

குறியீட்டைத் தேடுவதானால் அதன் பெயரைத் தேடுங்கள். பைத்தானின் := என்பதற்கு "அசைன்மென்ட் எக்ஸ்ப்ரெஷன்"; ஜாவாஸ்கிரிப்டின் ?. என்பதற்கு "ஆப்ஷனல் செயினிங்"; ?? என்பதற்கு "நல்லிஷ் கோஅலெசிங்". பைத்தான் ஆவணத்தின் பொது இண்டெக்ஸில் குறியீடுகளுக்கென்றே ஒரு பக்கம் உண்டு. இஃப், ஃபார், வித் மாதிரியான சொற்களுக்கும் இண்டெக்ஸே நல்லது. ஆங்கிலத்தில் இவை சாதாரணச் சொற்கள் என்பதால் முழுவுரைத் தேடல் இவற்றைக் கணக்கில் எடுக்காது.

---

குறுக்குவழி

இவ்வளவு எதற்கு? கூகுளில் "சைட்" ஆபரேட்டர், முக்காற்புள்ளி, இடைவெளி இல்லாமல் தள முகவரி, பிறகு தேடுசொல். எல்லாத் தளத்துக்கும் ஒரே வழி. முகவரியில் துணைப்பாதையும் சேர்க்கலாம்.

---

சுட்டிவிரல்

@குறுக்குவழி முதல் முயற்சிக்கு நல்ல வழிதான், குறிப்பாகச் சொந்தத் தேடல் மட்டமாக இருக்கும் தளங்களில். ஒத்த சொற்களையும் அது ஓரளவு பிடிக்கும். ஆனால் இரண்டு இடத்தில் காலை வாரும்.

ஒன்று, லாகின் செய்தால்தான் தெரியும் ஆவணங்கள் அதில் இல்லை. இரண்டு, வெர்ஷன். உங்களிடம் இருப்பது பழைய வெர்ஷன், கிடைப்பது புதியதன் பக்கம், அல்லது தலைகீழ். துணைப்பாதை சேர்க்கச் சொன்னீர்களே, அதை இதற்கே பயன்படுத்துங்கள்: பெரும்பாலான ஆவணத் தளங்களில் வெர்ஷன் எண் முகவரியிலேயே இருக்கும். பக்கத்தைப் படிக்கும்முன் முகவரியைப் படியுங்கள். "ஸ்டேபிள்", "லேட்டஸ்ட்" இரண்டும் ஒன்றல்ல. ரீட் த டாக்ஸ் என்னும் ஆவணச் சேவையில் இருக்கும் தளங்களில் லேட்டஸ்ட் என்பது இன்னும் வெளியாகாத வளர்ச்சிக் கிளையாகவும் இருக்கலாம்.

விருப்பம் ஒன்று ஆவணத்தில் இருக்கிறது, உங்கள் நிரல் "தெரியாது" என்கிறது என்றால் வெளியீட்டுக் குறிப்புகளுக்குள் அந்தப் பெயரைத் தேடுங்கள். எந்த எண்ணில் சேர்ந்தது, எதில் நீக்கப்பட்டது என்பது அங்கே இருக்கும்.

முதல் பதிலில் விட்டுப்போன ஒன்று: வேர்ச்சொல் வெட்டு. பல பெட்டிகள் ஆங்கிலச் சொல்லின் வாலை வெட்டிவிட்டுத்தான் தேடும். 1980-இல் வெளியான போர்ட்டர் முறை இன்னும் பரவலாக ஓடுகிறது. அதில் ஜெனரிக், ஜெனரல், ஜெனரேட் மூன்றும் ஒரே வேருக்குச் சுருங்கிவிடும். ஜெனரிக் டைப் பற்றித் தேடும்போது ரிப்போர்ட் ஜெனரேட் செய்யும் பக்கங்கள் வந்தால் பயப்பட வேண்டாம், பக்கத்தில் இருக்கும் இன்னொரு சொல்லைச் சேருங்கள். அடிக்கோடு போட்டு இணைத்த பெயர்களுக்கு இதன் எதிர்ச்சிக்கல்: பல பெட்டிகளில் முழுப் பெயரும் ஒரே சொல். பின்பாதியை மட்டும் தேடினால் அகப்படாது.

அரட்டை உதவியாளிடம் கேட்பவர்களும் ஒரு விஷயம் கவனிக்க: பெயர் கண்டுபிடிக்க அவை கெட்டிக்கார ஆட்கள், ஆனால் இல்லாத விருப்பங்களையும் இருப்பதுபோல் சொல்லும். சொன்ன பெயரை ஆவணத்தில் எழுத்து மாறாமல் தேடிப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

---

நிரல்நேசி

வேலிடேஷன் என்று தேடியதும் முதல் முடிவே சரியாக வந்தது. நன்றி. இன்னொன்று: பிடிஎஃப் கையேட்டில் சொல் கண்ணுக்கு எதிரே இருக்கிறது, கண்ட்ரோல்+எஃப் போட்டால் இல்லை என்கிறது. ஒரு பழைய சிஎச்எம் கோப்பில் (விண்டோஸ் உதவிக் கோப்பு வகை) தேடல் முடிவு வருகிறது, ஆனால் வலப்பக்கம் வெற்றுத்தாள்.

---

அச்சுக்கோப்பான்

பிடிஎஃப்: அந்தச் சொல்லை மவுஸால் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள்.

தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது ஸ்கேன் செய்த படம். ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் நிரல்) ஓட்டாமல் தேட முடியாது. ஒட்டியதில் எழுத்துகள் குப்பையாக வந்தால் எழுத்துரு வரைபடம் கோப்பில் சரியாக இல்லை, அதற்கும் ஓசிஆர்தான். எஃப், ஐ இரண்டும் சேர்ந்த இடத்தில் ஓர் எழுத்து காணாமல் போனாலோ இரண்டும் ஒற்றை எழுத்தாக வந்தாலோ அது கூட்டெழுத்துச் சிக்கல். "ஃபைல்", "கான்ஃபிகர்" மாதிரி ஆங்கிலச் சொற்கள் இதில் அடிபடும். அந்த இரண்டெழுத்தைத் தவிர்த்து மிச்சப் பகுதியைத் தேடுங்கள். வரி முடிவில் ஹைஃபனால் உடைந்த சொல் என்றால் முன்பாதி போதும்.

பல பிடிஎஃப்களை ஒரே நேரத்தில் தேட அக்ரோபேட் ரீடரில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப். ஃபோல்டரைக் காட்டினால் அத்தனையையும் அலசும்.

சிஎச்எம்: கோப்பு இணையத்திலிருந்து வந்தது என்று விண்டோஸ் முத்திரை குத்தியிருக்கிறது. கோப்பின்மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஜெனரல் டேப், கீழே "அன்பிளாக்" டிக், ஓகே. நெட்வொர்க் ஃபோல்டரிலிருந்து திறந்தாலும் இதே வெற்றுத்தாள் வரும். அப்போது உள்ளூர் டிஸ்கில் நகலெடுத்துத் திறக்க வேண்டும்.

---

மொழியாக்கி

தமிழ் இடைமுகமும் தமிழ் உதவிப் பக்கமும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேர்க்கை. வேற்றுமை உருபு சொல்லின் வாலையே மாற்றிவிடும். "கோப்பு" என்று தேடினால் "கோப்புகள்", "கோப்புறை" கிடைக்கலாம், ஆனால் "கோப்பை", "கோப்பில்" கிடைக்காது. கடைசி உகரத்தை எடுத்துவிட்டு "கோப்ப" என்று போட்டால், பாதிச் சொல்லை ஏற்கும் பெட்டியில் இவை எல்லாமே வரும். (தேநீர்க் கோப்பையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.) மேற்கோளுக்குள் சொற்றொடர் போடும்போது சந்தி ஒற்றைக் கவனியுங்கள்: "கோப்புகளைத் திறக்க" வேறு, "கோப்புகளை திறக்க" வேறு.

இன்னொரு மறைவான காரணம்: ஒகர, ஓகாரக் குறிகளை யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு எழுத்தாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டையும் சமமாக்காத பெட்டியில் "கோப்பு" என்பதே "கோப்பு" என்பதோடு பொருந்தாது. அதே பக்கத்திலிருந்து சொல்லைக் காப்பி செய்து பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் கிடைக்கிறது, தட்டச்சினால் கிடைக்கவில்லை என்றால் சிக்கல் இதுவே. கீபோர்டு அமைப்பை மாற்றினால் சரியாகும்.